ஊழியர் வராத நாளுக்கு நிறுவனம் உண்மையில் என்ன விலை கொடுக்கிறது? கணக்கிடும் முழுமையான வழிகாட்டி

ஒருவர் இன்று வேலைக்கு வரவில்லை. நிறுவனத்துக்கு எவ்வளவு நஷ்டம்? சம்பளப் பிரிவில் கேட்டால் ‘ஒரு நாள் சம்பளம்’ என்பார்கள். ஷிஃப்ட் சூப்பர்வைசரைக் கேட்டால் ‘இன்னொருத்தரை ஓவர்டைமில் நிறுத்தினேன், அந்தப் பணம்’ என்பார். முதலாளியோ ‘இன்று போக வேண்டிய சரக்கு போகவில்லை’ என்பார். மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்று தொகையையும் அப்படியே கூட்டினால் வருவது தப்பான கணக்கு. இணையத்தில் கிடைக்கும் பல கணக்கீட்டுத் தாள்கள் இந்தக் கூட்டலைத்தான் செய்கின்றன. நஷ்டம் இரண்டு மடங்காகத் தெரிகிறது, நிர்வாகம் பதறுகிறது, லீவு விதிகளை இறுக்குகிறது. உடம்பு சரியில்லாமல் படுத்தவர்தான் அதன் சுமையைத் தாங்குகிறார்.

அதனால்தான் இந்தக் கணக்கைப் பொறுமையாகப் போட வேண்டும் என்கிறேன். ஒரு எக்செல் தாளும், மூன்று மாத வருகைப் பதிவும், சூப்பர்வைசர்களின் ஒத்துழைப்பும் இருந்தால் போதும்.

படி 1: எதை எண்ணுவது என்று முதலில் எழுதி வையுங்கள்

வராமை என்பதற்கு எல்லோரும் ஏற்ற ஒரே வரையறை கிடையாது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அமைப்பு வெளியிடும் வராமை விகிதத்தில் நோய், காயம், குழந்தைப் பராமரிப்புச் சிக்கல், குடும்பக் கடமை, மகப்பேறு விடுப்பு எல்லாம் சேரும். சுற்றுலா விடுமுறை, பொது விடுமுறை, வேலைநிறுத்தம் சேராது. வேறு பல இடங்களில் நோயால் போன நாட்களை மட்டும் எண்ணுகிறார்கள். எனவே வேறொரு நிறுவனத்தின் சதவீதத்தை உங்களுடையதோடு ஒப்பிடும் முன், அவர்கள் எதை எண்ணினார்கள் என்று பாருங்கள். தெரியவில்லையா, ஒப்பிடாதீர்கள்.

நான் பரிந்துரைக்கும் அளவுகோல் இது: அன்று அவர் வேலைக்கு வருவார் என்று நம்பித்தான் ஆட்களை ஒதுக்கியிருந்தீர்களா? ஆம் என்றால் அது வராமை. இரண்டு வாரம் முன்பே ஒப்புதல் வாங்கிய வருடாந்தர விடுமுறை இதில் வராது. அதே விடுமுறை இருப்பிலிருந்து அன்று காலை போனில் சொல்லி எடுத்த ஒரு நாள் வரும். சம்பளப் பட்டியலில் இரண்டும் ஒரே லீவுதான், ஆனால் வேலை நடக்கும் இடத்தில் இரண்டும் வேறு வேறு. மகப்பேறு விடுப்பு, வேலையிடத்தில் நடந்த விபத்து, வேலைநிறுத்தம் மூன்றையும் தனித்தனித் தலைப்பில் வையுங்கள். அவற்றின் காரணமும் தீர்வும் வேறு என்பதால் பொதுக் கணக்கில் கலந்தால் எல்லாமே குழம்பிவிடும். அரை நாள், தாமத வருகை ஆகியவற்றை மணிக்கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: பதிவேட்டைச் சரி செய்யுங்கள்

மஸ்டர் ரோலோ பயோமெட்ரிக் கருவியோ தரும் பட்டியல் ஆரம்பப் புள்ளி மட்டுமே. அதில் ‘ஆப்சென்ட்’ என்று வருவதெல்லாம் ஆப்சென்ட் ஆகாது. இரவு 10 மணிக்கு வந்து காலை 6 மணிக்குப் போகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே வந்த பதிவு ஒரு தேதியில், வெளியே போன பதிவு அடுத்த தேதியில். மென்பொருளில் ஷிஃப்ட் அமைப்பு தவறாக இருந்தால் இரண்டு நாளும் அரைகுறையாகத் தெரியும், சில சமயம் ஆப்சென்ட் என்றே விழும். விரல் ரேகை பதியாமல் போனவர், வெளியூர் வேலைக்கு அனுப்பப்பட்டவர், பயிற்சிக்குப் போனவர் எல்லோரையும் சூப்பர்வைசரிடம் கேட்டு நீக்கிய பிறகே கணக்கைத் தொடங்குங்கள்.

அப்புறம், ஒரு நாளுக்கு ஒரு வரி என்று எழுதாமல் ஒரு தடவைக்கு ஒரு வரி என்று எழுதுங்கள். வெள்ளியும் திங்களும் வராமல், நடுவில் வார விடுமுறை இருந்தால், அது ஒரே தடவை. இழந்த வேலை நாள் 2. மாதக் கடைசியில் தொடங்கி அடுத்த மாதம் முடிந்தாலும் அது ஒரே தடவைதான், இரண்டாக உடைக்கக் கூடாது. ஒவ்வொரு வரியிலும் ஊழியர் எண், பிரிவு, முதல் நாள், கடைசி நாள், இழந்த வேலை நாட்கள் அல்லது மணிகள், சம்பளம் உண்டா இல்லையா, பொதுவான காரண வகை, எத்தனை மணிக்குத் தகவல் வந்தது என்பவை இருக்கட்டும்.

இவற்றோடு பலரும் விட்டுவிடும் ஒரு கட்டம் உண்டு: அந்த இடத்தை எப்படிச் சமாளித்தோம். ஓவர்டைம், தற்காலிக ஆள், நிரந்தரமாக வைத்திருக்கும் உபரி ஆள், சக ஊழியர்கள் தங்கள் வேலையோடு பார்த்துக்கொண்டது, வேலையே நடக்கவில்லை என்று ஐந்தே குறியீடுகள் போதும். சூப்பர்வைசர் அதை அன்றே நிரப்ப வேண்டும். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. செலவுக் கணக்கு முழுக்க இந்த ஒரு கட்டத்தின் மேல்தான் நிற்கப்போகிறது.

காரணத்தைப் பொறுத்தவரை, நோயின் பெயர் இந்தத் தாளில் தேவையே இல்லை. ‘உடல்நலம்’, ‘குடும்பம்’, ‘வேலையிட விபத்து’, ‘காரணம் சொல்லவில்லை’ போன்ற வகைகள் போதும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ள ஜி.டி.பி.ஆர். என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனிப் பாதுகாப்பு வேண்டிய வகையில் வைத்திருக்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் எதைக் கேட்டாலும், மருத்துவச் சான்றிதழைத் தனிக் கோப்பில் பூட்டி வைப்பதுதான் மரியாதை.

படி 3: அளவு எவ்வளவு என்று பாருங்கள்

ஒரு உதாரணத்தைக் கடைசி வரை பிடித்துக்கொண்டு போவோம். ஒரு பிரிவில் 40 பேர். அவர்களில் 36 பேர் முழு நேரம், 4 பேர் அரை நேரம். அரை நேரக்காரர்கள் இருவரைச் சேர்த்து ஒரு முழு ஆளாக எண்ணினால் 38 முழு நேர ஆள். மூன்று மாதத்தில் வேலை நாள் 65. ஆக, நடந்திருக்க வேண்டிய ஆள் நாட்கள் 38 × 65 = 2,470. இழந்தவை 104 நாள். இவை 48 தடவையில் போனவை.

இழப்பு விகிதம்: 104 ÷ 2,470 × 100 = 4.21 சதவீதம். எவ்வளவு நேரம் போனது என்று இது சொல்லும். அரை நேர ஊழியர் ஒரு நாள் வராவிட்டால் இங்கே அரை நாள்தான் சேர வேண்டும். மேலே 38 என்று எண்ணிவிட்டு இங்கே முழு நாளாக எண்ணினால் விகிதம் ஊதிவிடும்.

தடவை விகிதம்: 48 ÷ 40 = 1.2. அதாவது ஆளுக்குச் சராசரியாக 1.2 தடவை. சராசரி நீளம்: 104 ÷ 48 = 2.17 நாள்.

இந்தச் சராசரியை நம்பி நிற்காதீர்கள். இந்த 104 நாளில் 30 நாள் ஒரே ஒருவருடையது, அறுவைச் சிகிச்சைக்குப் போனவர். அவரை எடுத்துவிட்டால் 47 தடவையில் 74 நாள். இழப்பு விகிதம் 3 சதவீதத்துக்கு இறங்குகிறது, சராசரி நீளம் ஒன்றரை நாள் அளவுக்கு வருகிறது. 40 பேரில் 18 பேர் ஒரு நாள்கூட விடவில்லை என்பதும் தெரிந்தால் படம் இன்னும் தெளிவாகும். எனவே குறுகிய கால வராமையையும் நீண்ட கால வராமையையும் எப்போதும் தனித்தனியாகக் காட்டுங்கள். எத்தனை நாளுக்கு மேல் நீண்ட காலம் என்பதை நீங்களே நிர்ணயித்துக்கொண்டு, பிறகு மாற்றாமல் இருங்கள்.

சின்னப் பிரிவுகளில் சதவீதம் இன்னும் பொல்லாதது. 10 பேர் உள்ள இடத்தில் ஒருவர் மூன்று மாதமும் படுக்கையில் இருந்தால் விகிதம் 10 சதவீதம். அந்தப் பிரிவின் மேலாளர் எந்தத் தவறும் செய்யவில்லை. சின்னப் பிரிவுகளுக்கு 12 மாத உருளும் கணக்கு, அதாவது எப்போது பார்த்தாலும் கடைசி 12 மாதத்தின் கணக்கு வையுங்கள், சதவீதத்தோடு நாட்களையும் ஆட்களையும் போடுங்கள்.

பிராட்ஃபோர்டு எண் பற்றி

இந்தப் பேச்சு வந்தாலே யாராவது பிராட்ஃபோர்டு எண்ணைக் கேட்பார்கள். 1980-களில் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழக மேலாண்மைப் பள்ளியோடு சேர்த்துப் பேசப்படும் சூத்திரம் அது. 52 வாரத்தில் எத்தனை தடவை வரவில்லையோ அதை அதே எண்ணால் பெருக்கி, மொத்த நாட்களாலும் பெருக்க வேண்டும். ஒரே தடவையில் 10 நாள் போனால் 1 × 1 × 10 = 10. அதே 10 நாள் இரண்டிரண்டாக 5 தடவை போனால் 5 × 5 × 10 = 250. ஒவ்வொரு நாளாக 10 தடவை போனால் 1,000.

திடீர் திடீரென்று ஒரு நாள் வராமல் போவது வேலையை அதிகம் குலைக்கும் என்ற கருத்து சரிதான். ஆனால் இந்த எண்ணைத் தண்டனைக்கான தராசாக வைப்பதை நான் எதிர்க்கிறேன். ஒற்றைத் தலைவலியால் வருடத்தில் 8 தடவை ஒவ்வொரு நாள் படுத்தவருக்கு 512 வரும். நம் உதாரணத்தில் 30 நாள் சேர்ந்தாற்போல் போனவருக்கு வெறும் 30. தீராத நோய் உள்ளவர், மாற்றுத்திறனாளி, சின்னக் குழந்தையைத் தனியாகப் பார்ப்பவர் எல்லோரையும் இந்த எண் தேடிப்பிடித்து முன்னால் நிறுத்தும். பல நாடுகளில் அவர்களைப் பாதுகாக்கும் சட்டமும் உண்டு. ‘இவரிடம் ஒரு வார்த்தை விசாரியுங்கள்’ என்று நினைவூட்ட மட்டும் பயன்படுத்துங்கள். அந்த விசாரிப்பு ‘எப்படி இருக்கிறீர்கள், நாங்கள் ஏதாவது மாற்றித்தர முடியுமா’ என்று தொடங்க வேண்டும்.

படி 4: செலவு. இங்கே அவசரப்படாதீர்கள்

முதலில் ஒரே ஒரு நாளை வைத்துப் பார்ப்போம். ஊழியருக்கு ஒரு நாள் மொத்தச் செலவு 100 என்று வையுங்கள், நாணயம் எதுவானாலும் சரி. அதில் கையில் வாங்கும் சம்பளம் 80, மீதி 20 காப்பீடு, ஓய்வூதியப் பங்களிப்பு போன்றவை. அவர் சம்பளத்தோடு கூடிய லீவில் இருக்கிறார். அவர் இடத்தில் இன்னொருவர் ஓவர்டைம் பார்க்கிறார், ஒன்றரை மடங்கு விகிதத்தில் அவருக்கு 120. வேலை முழுதாக முடிந்தது.

நஷ்டம் 220 என்று எழுதத் தோன்றும். ஆனால் அவர் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 100 கொடுத்திருப்பீர்கள், வேலை முடிந்திருக்கும். வராததால் 100-உம் 120-உம் கொடுத்தீர்கள், வேலை முடிந்தது. வித்தியாசம் 120 மட்டுமே. அந்த 100 எப்படியும் கையை விட்டுப் போகிற பணம். இனி எந்த வரியை எழுதும்போதும் இதே கேள்வியைக் கேளுங்கள்: எல்லோரும் வந்திருந்தால் இந்தச் செலவு இருந்திருக்குமா? இருந்திருக்கும் என்றால் அது வராமையின் செலவு ஆகாது.

சரி, 104 நாளையும் இப்படிப் பார்ப்போம்.

40 நாளை ஓவர்டைமில் சமாளித்தார்கள்: 40 × 120 = 4,800. ஓவர்டைமுக்குக் கூடுதல் விகிதம் கொடுப்பது புதிதல்ல, 1919-இல் வந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் (ஐ.எல்.ஓ.) முதல் உடன்படிக்கையே குறைந்தது ஒன்றேகால் மடங்கு என்றது. உங்கள் சட்டமும் ஒப்பந்தமும் சொல்லும் விகிதத்தைப் போடுங்கள்.

அறுவைச் சிகிச்சைக்குப் போனவரின் 30 நாளுக்குத் தற்காலிக ஆள், நாளுக்கு 140: மொத்தம் 4,200.

24 நாளை சக ஊழியர்களே பார்த்துக்கொண்டார்கள். கூடுதல் பணம் ஏதும் போகவில்லை, எனவே இங்கே பூஜ்யம். ஆனால் நாள் எண்ணிக்கையைக் கட்டாயம் காட்டுங்கள். யாரோ ஒருவர் முதுகு வளைந்து செய்த வேலை அது. இந்த எண் காலாண்டுக்குக் காலாண்டு ஏறினால் அடுத்து நோயில் விழப்போவது அவர்கள்தான்.

10 நாள் வேலையே நடக்கவில்லை. இங்கே விற்பனை மதிப்பை அப்படியே போடக் கூடாது. விற்பனை விலையிலிருந்து, வேலை நடக்காததால் மிச்சமான மூலப்பொருள், அனுப்பும் செலவு போன்றவற்றைக் கழியுங்கள். சம்பளத்தைக் கழிக்காதீர்கள், அது மிச்சமாகவில்லை. உதாரணத்தில் நாளுக்கு 250 என்றால் 2,500. அந்த வேலையை அடுத்த வாரம் ஈடுகட்டிவிட்டால் விற்பனை இழப்பே இல்லை, ஈடுகட்டக் கொடுத்த கூடுதல் பணத்தை மட்டும் எழுதுங்கள்.

நிர்வாக நேரம்: ஒவ்வொரு தடவைக்கும் சூப்பர்வைசர் ஆள் தேடுவது, வேலை மாற்றிக் கொடுப்பது, பதிவு செய்வது என்று ஒன்றரை மணி நேரம். 48 தடவைக்கு 72 மணி. மணிக்கு 20 என்றால் 1,440.

கடைசியாக, சேமிப்பைக் கழிக்க வேண்டும். பல கணக்குகளில் இந்த வரியே இருக்காது. அறுவைச் சிகிச்சைக்குப் போனவருக்கு 6 நாளில் சம்பள லீவு தீர்ந்துவிட்டது, மீதி 24 நாள் சம்பளமில்லா லீவு. நாளுக்கு 80 வீதம் 1,920 மிச்சம். காப்பீட்டிலிருந்து ஏதாவது திரும்பக் கிடைத்தால் அதையும் கழியுங்கள்.

ஆக 4,800 + 4,200 + 2,500 + 1,440 − 1,920 = 11,020. அந்தப் பிரிவின் மூன்று மாத ஆள் செலவு 2,470 × 100 = 2,47,000. அதில் இது 4.46 சதவீதம். சம்பள லீவில் போன 80 நாளுக்கான 8,000-ஐயும் இதோடு கூட்டியிருந்தால் 19,020 என்று காட்டியிருப்போம். அந்தத் தொகை எவ்வளவு என்று யாராவது கேட்டால் தனி வரியில் ‘வராத நாளுக்குக் கொடுத்த சம்பளம்’ என்று காட்டலாம், மொத்தத்தில் சேர்க்கக் கூடாது.

உபரி ஆட்களை நிரந்தரமாக வைத்திருக்கும் இடங்களில் வராமையின் செலவு வேறு எங்கோ ஒளிந்திருக்கும். தினம் நான்கு பேர் வரமாட்டார்கள் என்று தெரிந்தே நான்கு பேரைக் கூடுதலாக எடுத்திருந்தால், அந்த நால்வரின் சம்பளம்தான் உங்கள் செலவு. தாளில் ஓவர்டைம் கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

படி 5: தொகையை உடைத்துப் பாருங்கள்

11,020 என்ற எண்ணை வைத்து யாரும் எதையும் செய்ய முடியாது. நீண்ட கால வராமைக்குப் போனது 4,200 + 30 − 1,920 = 2,310 (இதில் 30 என்பது அந்த ஒரு தடவைக்கான நிர்வாக நேரம்), அதாவது நாளுக்கு 77. மீதி 8,710 குறுகிய கால வராமைக்கு, நாளுக்கு ஏறக்குறைய 118. ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. காரணம், முன்னறிவிப்பு இல்லாதது. தெரிந்திருந்தால் வேலையை மாற்றியிருக்கலாம், 10 நாள் இயந்திரம் சும்மா நின்றிருக்காது.

நீண்ட காலத்துக்கு இன்னொரு நுணுக்கம் உண்டு. பதில் ஆள் வந்து வேலையைப் பழகிய பிறகு வேலை இழப்பு நின்றுவிடும். 1990-களில் நெதர்லாந்துப் பொருளாதார ஆய்வாளர்கள் முன்வைத்த ‘உராய்வுச் செலவு’ முறையின் சாரம் இதுதான்: ஆள் போனதிலிருந்து பதில் ஆள் முழுத் திறனுக்கு வரும் வரையிலான காலத்தை மட்டும் எண்ணுங்கள். ஆறு மாதம் வராதவருக்கு ஆறு மாத உற்பத்தி இழப்பு என்று எழுதுவது தவறு.

வேலைக்கு வேலை செலவு மாறும். பதில் ஆள் எளிதில் கிடைப்பாரா, அவர் இல்லாவிட்டால் குழுவில் மற்றவர்களும் நிற்க வேண்டுமா, வேலையை நாளைக்குத் தள்ள முடியுமா? மூன்று கேள்விக்கும் பதில் மோசமாக இருக்கிற பதவிகளைத் தனியாகக் குறியுங்கள். இயந்திர வரிசையின் நடுவே நிற்பவர் ஒரு நாள் வராததும், மாதாந்தர அறிக்கை எழுதுபவர் ஒரு நாள் வராததும் ஒரே செலவு ஆகாது.

உடம்பு முடியாமல் வந்து அரைகுறையாக வேலை செய்வதால் வரும் இழப்பு பெரியது. ஆனால் அதை இந்தத் தொகையில் சேர்க்காதீர்கள். அதை அளக்க ஊழியர்களின் சொந்த மதிப்பீட்டைத்தான் நம்ப வேண்டியிருக்கும். உறுதியான எண்ணோடு ஊகத்தைக் கலந்தால் இரண்டும் கெடும். மன உளைச்சல், வாடிக்கையாளர் அதிருப்தி ஆகியவற்றையும் எண்ணாக்க முயலாமல் வார்த்தையில் எழுதுங்கள்.

படி 6: முடிவெடுக்கும் இடம்

1978-இல் ரிச்சர்ட் ஸ்டியர்ஸ், சூசன் ரோட்ஸ் என்ற ஆய்வாளர்கள் முன்வைத்த கருத்து மாதிரி, வருகையை இரண்டாகப் பிரிக்கிறது: வர முடிகிறதா, வர மனம் இருக்கிறதா. உங்கள் 48 வரிகளையும் இந்த இரண்டு கேள்வியோடு படியுங்கள். ஒரே ஷிஃப்டில், ஒரே சூப்பர்வைசரின் கீழ், ஒரே வாரநாளில் குவிகிறதா? வேலை நேரப் பட்டியல் மாறிய வாரத்தில் ஏறுகிறதா? தூக்கும் வேலை உள்ள இடத்தில் முதுகுவலி திரும்பத் திரும்ப வருகிறதா? முதலிரண்டு கேள்விகள் நிர்வாகத்தைப் பற்றியவை, மூன்றாவது வேலையிடத்தைப் பற்றியது. தனி ஆளைக் குறை சொல்லும் முன் இவற்றைத் தீருங்கள்.

வருகைப் பரிசு கொடுக்கலாமே என்ற யோசனை உடனே வரும். அமெரிக்கச் சலவை ஆலைகளை வைத்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வு இதில் எச்சரிக்கை தருகிறது: பரிசு இல்லாமலேயே ஒழுங்காக வந்துகொண்டிருந்தவர்களின் வேலைத்திறன் பரிசு வந்த பிறகு குறைந்தது. காய்ச்சலோடு வந்து மற்றவர்களுக்கும் ஒட்டவைப்பவரை அந்தப் பரிசு உற்சாகப்படுத்தும் என்பதையும் யோசியுங்கள்.

பூஜ்யத்தை இலக்காக வைக்காதீர்கள். மனிதர்களுக்கு நோய் வரும். குறைக்கக்கூடிய பகுதி எது என்று பிரித்து, அதற்கு மட்டும் செலவு செய்யுங்கள். முன்னறிவிப்பு இல்லாத குறுகிய கால வராமைக்கு 8,710 போகிறது என்றால், ஷிஃப்டை மாற்றிக்கொள்ள எளிய வழி அமைப்பதற்கு 2,000 செலவழிப்பதில் நியாயம் இருக்கிறது. பாதி தீரும் என்று கனவு காணாமல், கால் பங்கு தீர்ந்தால் கட்டுப்படியாகுமா என்று மட்டும் பாருங்கள்: 8,710-இல் கால் பங்கு 2,178. கட்டுப்படியாகிறது, ஆனால் மயிரிழையில்.

நிர்வாகத்துக்குக் கொடுக்கும் தாள் ஒரு பக்கம் இருக்கட்டும். இழப்பு விகிதம், தடவை விகிதம், குறுகிய கால, நீண்ட காலப் பிரிவு, ஐந்து குறியீட்டின்படி நாட்கள், செலவு, கழித்த சேமிப்பு, நீங்கள் வைத்துக்கொண்ட அனுமானங்கள். பெயர்கள் வேண்டாம். ஐந்து பேருக்கும் குறைவான பிரிவை இன்னொன்றோடு சேர்த்துக் காட்டுங்கள், இல்லாவிட்டால் பெயர் இல்லாமலே ஆள் தெரிந்துவிடும்.

மாற்றம் செய்த பிறகு முந்தைய காலாண்டோடு ஒப்பிடாமல், போன வருடத்து அதே காலாண்டோடு ஒப்பிடுங்கள். காய்ச்சல் பரவும் பருவம் ஒவ்வொரு வருடமும் வரும். இழந்த நாட்களோடு பிழைபட்ட சரக்கு, திரும்பி வந்த ஆர்டர், விபத்து ஆகியவற்றையும் பக்கத்தில் வையுங்கள். நாட்கள் குறைந்து இவை ஏறியிருந்தால், வீட்டில் இருக்க வேண்டியவர்கள் வேலைக்கு வந்துகொண்டிருக்கிறார்கள்.